செயின் பறிப்பில் இடுப்பெலும்பு உடைந்த அம்மா: இழப்பீடு கேட்க மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒரு முறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள். 2021 பிப்ரவரியில் உங்கள் தங்கை ஓட்டிய ஸ்கூட்டரில் அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தார். பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தார்கள். ஐந்து பவுன் போனது. அதோடு அம்மா ரோட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை ஆகி, இன்றைக்கும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், ஆள் கிடைக்கவில்லை. 2022 நவம்பரில் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வழக்கை முடித்து உங்கள் தங்கைக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை மூடியதைப் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்கும் போலீஸ் நோட்டீஸ்) கொடுத்தார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரும் என்று இப்போதுதான் ஒருவர் சொல்லி, 2025 ஜூனில் கோர்ட் வளாகத்துக்குப் போய் விசாரித்திருக்கிறீர்கள். "மூணு வருஷம் தாண்டிப் போச்சு, இனிமே வாங்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா என்று கேட்கிறீர்கள்.

முடியவில்லை. மனு போடுங்கள், அதுவும் இந்த மாதத்திலேயே போடுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மாவட்ட நீதிமன்றத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இலவச சட்ட உதவிப் பட்டியலிலும் இருந்திருக்கிறேன். இந்த வகை மனுக்களை எழுதியும் இருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். ஆனால் உங்கள் காகிதங்கள் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் இந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். குற்றவாளிக்குத் தண்டனை கொடுக்கும்போது, அவன் கட்டும் அபராதத்திலிருந்தோ தனியாகவோ பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு முன்பே இருந்தது. அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆவது பிரிவு. ஆனால் ஆளே அகப்படாத வழக்கில் அதனால் என்ன பயன்? அந்தக் குறையைத் தீர்க்க 357ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2009 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. பணம் தருவது அரசு, தொகையை முடிவு செய்வது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்துவிட்டதால் அதே சரக்கு இப்போது 396ஆவது பிரிவு என்ற பெயரில் இருக்கிறது. ஒரு காகிதத்தில் 357ஏ என்றும் இன்னொன்றில் 396 என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். மனுவில் இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

அந்தப் பிரிவுக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நீதிமன்றம் வழியாக: விசாரணை நடக்கும் வழக்கில், குற்றவாளி கொடுக்கும் தொகை போதாது என்று பட்டாலோ, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகியும் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவைப்பட்டாலோ, நீதிபதியே ஆணைக்குழுவுக்குப் பரிந்துரை அனுப்பலாம். இன்னொன்று உட்பிரிவு 4. குற்றவாளி யார் என்றே தெரியாமல், நீதிமன்ற விசாரணையும் நடக்காமல் போனால், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ நேராக ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம். உங்கள் அம்மாவுடையது இந்த இரண்டாவது வழி, சந்தேகமே இல்லை. மூன்று வருடக் கெடு என்று உங்களிடம் சொன்னார்களே, அதுவும் இந்த உட்பிரிவு 4 மனுவுக்கு மட்டும் உள்ளது. நீதிமன்றம் அனுப்பும் பரிந்துரைக்கு அது பொருந்தாது. நாளைக்கே அந்த இரண்டு பேரில் ஒருவன் வேறு ஊரில் பிடிபட்டு இந்தப் பறிப்பையும் ஒப்புக்கொண்டான் என்றால் வழக்கு மறுபடி உயிர் பெறும். அப்போது இந்தக் கெடுவைப் பற்றிக் கவலைப்படாமல் நீதிமன்றம் வழியாகவே கேட்கலாம். செயின் பறிப்பில் இது அபூர்வம் இல்லை. ஒருவன் மாட்டினால் பத்து வழக்கு ஒன்றாகத் திறக்கும்.

சரி, அந்த மூன்று வருடம் எங்கே எழுதியிருக்கிறது? சட்டப் பிரிவில் இல்லை. 357ஏ-விலும் சரி, 396-லும் சரி, பாதிக்கப்பட்டவர் இத்தனை நாளுக்குள் மனு போட வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அது திட்டத்தில் இருக்கிறது. பெண்களுக்கென்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் ஒரு திட்டம் வகுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாலியல் குற்றங்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பிலேயே 'பிற குற்றங்கள்' என்றும் இருக்கிறது. அதில் கால வரம்பு பற்றிய பத்தி சொல்வது இதுதான்: உட்பிரிவு 4இன் கீழ் வரும் கோரிக்கையை, குற்றம் நடந்த நாளிலிருந்தோ நீதிமன்ற விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று வருடத்துக்குப் பிறகு ஏற்கக் கூடாது, ஆனால் தகுதியான வழக்குகளில், மனு கொடுத்துக் கேட்டால், காரணத்தை எழுத்தில் பதிந்து, அந்தத் தாமதத்தை மாநில ஆணைக்குழுவோ மாவட்ட ஆணைக்குழுவோ மன்னிக்கலாம். உங்களிடம் முதல் பாதியைச் சொன்னவர் இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. பெண்களுக்கான இந்தத் திட்டத்துக்கு முன்பே, 2013இல், ஆண் பெண் எல்லாருக்கும் பொதுவாகத் தமிழ்நாடு அரசு தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தால் அந்தத் திட்டத்தின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத் திட்டத்திலும் கெடு வேறு வேறு. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் இந்தப் பதிலைப் படித்துவிட்டு 'மூன்று வருடம் இருக்கிறது' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். குற்றம் நடந்த நாளிலிருந்து எண்ணினால் 2024 பிப்ரவரியில் கெடு முடிந்தது. நீங்கள் பதினாறு மாதம் பிந்திவிட்டீர்கள். அலுவலகத்தில் சொன்னது இந்தக் கணக்கு. ஆனால் 2021 பிப்ரவரி எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். கொரோனா காரணமாக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் எந்தக் கால வரம்புக் கணக்கிலும் சேராது என்று உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்த வழக்கில் 2022 ஜனவரி 10 அன்று உத்தரவு போட்டது. நீதிமன்ற நடவடிக்கைக்கு மட்டுமல்லாமல் நீதிமன்றத்தை ஒத்த அமைப்புகளின் நடவடிக்கைக்கும் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. 2024இல் ஒரு வணிகத் தகராறிலும் இதே மாதிரி அந்தக் காலத்தை மொத்தமாகக் கழித்துத்தான் உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டது. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு நாள் ஓடத் தொடங்கியதே 2022 மார்ச் 1 அன்றுதான். கெடு 2025 பிப்ரவரி கடைசியில் முடிகிறது. பதினாறு மாதத் தாமதம் நாலு மாதத் தாமதமாகச் சுருங்குகிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இதில் ஒரு சந்தேகம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணைக்குழு நீதிமன்றத்தை ஒத்த அமைப்பா, வெறும் நிர்வாக வேலை செய்கிறதா என்று யாராவது கிளப்பலாம். என் கருத்தில் அது ஆவணங்களைப் பார்த்து, விசாரித்து, காரணம் எழுதி உத்தரவு போடுகிறது, அந்த உத்தரவுக்கு மேல்முறையீடும் இருக்கிறது. ஆகவே உச்ச நீதிமன்ற உத்தரவுக்குள் வரும். இது என் வாதம். வேறு மாதிரி நினைக்கிற வழக்கறிஞர்களும் இருப்பார்கள்.

மூன்றாவதாக இன்னொரு கணக்கும் உண்டு. இதைத் திட்டத்தின் வாசகம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் தர்க்கம் பலமாக இருக்கிறது. உட்பிரிவு 4இன் கீழ் மனு போட வேண்டுமானால் 'குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை, விசாரணை நடக்கவில்லை' என்ற நிலை இருக்க வேண்டும். போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த நிலை வந்துவிட்டது என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? 2022 நவம்பரில் நோட்டீஸ் கைக்கு வந்தபோதுதான் அது உறுதியானது. மனு போடும் தகுதியே அன்றைக்குத்தான் பிறந்தது என்றால் மூன்று வருடமும் அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கில் 2025 நவம்பர் வரை கெடு இருக்கிறது. தாமதமே இல்லை. இந்த மாதமே போடுங்கள் என்று மேலே சொன்னேனே, காரணம் இதுதான். நவம்பர் தாண்டினால் இந்த வாதமும் கையை விட்டுப் போகும். 'குற்றம் நடந்த நாள்' என்று அச்சில் இருப்பதைக் காட்டி இதை ஆணைக்குழு ஏற்க மறுக்கலாம். மறுத்தாலும் தாமதத்தை மன்னிக்க இதுவே நல்ல காரணமாக நிற்கும்.

அதனால் அந்த ஆர்.சி.எஸ். நோட்டீஸ் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். இல்லாவிட்டால் கவலையில்லை, எஃப்.ஐ.ஆர். எந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போனதோ அங்கே நகல் மனு போட்டால் இறுதி அறிக்கையின் சான்றிட்ட நகல் கிடைக்கும். அதில் 'யு.என்.' என்று போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் பாஷையில் ஆள் துப்புக் கிடைக்காத வழக்கு என்று பொருள். 'எம்.எஃப்.' என்று இருந்தால் நிலைமை வேறு. அப்படி ஒரு குற்றமே நடக்கவில்லை, புகார் தவறான தகவல் என்று முடித்ததாக ஆகிவிடும். அதை முதலில் மாஜிஸ்ட்ரேட்டிடம் எதிர்த்தாக வேண்டும். வழக்கை மூடும்போது புகார் கொடுத்தவருக்குத் தெரிவித்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீஸே வராமல் வழக்கு மூடப்பட்டதாக யாருக்காவது இருந்தால், எங்களுக்குத் தெரியவே தெரியாது என்பது தாமதத்துக்கு வலுவான விளக்கம்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவை எப்படி எழுதுவது? பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'வேண்டுமென்றே தாமதிக்கவில்லை, தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமானது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அது காரணமே இல்லை. நடந்ததைத் தேதி போட்டு எழுதுங்கள்: இந்தத் தேதியில் அறுவை சிகிச்சை, இத்தனை மாதம் படுக்கை, இந்த மாதம் ஊரடங்கு, இந்தத் தேதியில் போலீஸ் நோட்டீஸ், அந்த நோட்டீஸில் இழப்பீடு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, இந்தத் தேதியில் இன்னார் மூலம் திட்டம் பற்றித் தெரிந்தது, இந்தத் தேதியில் அலுவலகத்துக்குப் போனோம். 'சட்டம் தெரியாது' என்பது சாதாரணமாக எடுபடாத காரணம். இங்கே கொஞ்சம் எடுபடும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போய்ச் சொல்வதற்கென்றே இருக்கிற அமைப்புதான் இந்த ஆணைக்குழு. 1987இல் கத்திஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றைக்கும் எல்லா நீதிமன்றங்களும் எடுத்துச் சொல்கின்றன. ஒவ்வொரு நாள் தாமதத்தையும் விளக்கு என்று முரட்டுத்தனமாகக் கேட்கக் கூடாது, தாமதம் செய்வதால் யாருக்கும் லாபமில்லை, நியாயம் கிடைப்பதுதான் முக்கியம் என்பது அதன் சாரம். அது நிலம் எடுப்பு வழக்கு. தாமதமாக வந்தது அரசாங்கம்! அரசுக்கே அந்தச் சலுகை உண்டென்றால் வாக்கர் பிடித்து நடக்கிற அம்மாவுக்கு ஏன் இல்லை என்று கேட்பதில் தப்பில்லை.

இழப்பீட்டு மனுவையும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுங்கள். கவுன்ட்டரில் 'வாங்க மாட்டோம்' என்றால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒப்புகை அட்டை வைத்துத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நேரில் வாங்கிக்கொண்டால் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாயால் சொன்னது உத்தரவு ஆகாது. அங்கே உட்கார்ந்திருக்கிற எழுத்தருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கிடையாது. ஆணைக்குழுதான் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அப்படி எழுத்தில் வந்தால்தான் உங்களுக்கும் அடுத்த படி இருக்கிறது. மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு செய்ய உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். அந்த 30 நாளையும் தகுந்த காரணம் காட்டினால் நீட்டிக்கலாம். திட்டத்தின் வாசகம் தொகை போதாதவர்களுக்கு மேல்முறையீடு என்றுதான் இருக்கிறது. தாமதம் என்ற காரணத்தாலேயே தள்ளினால் அதற்கும் அதே வழி செல்லுமா, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதா என்பதை அப்போது உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். வழக்கறிஞருக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே போல ஒரு வழக்கு. எழுபது வயது அம்மா, செயின் பறிப்பு, தோள்பட்டை முறிவு. மகன் ஒரு ஜவுளிக்கடைப் பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டுக் கொண்டுவந்தார். பையைக் கவிழ்த்து அடுக்கிப் பார்த்தால் இரண்டு இடி. மருந்துக்கடை பில்கள் எல்லாம் அந்தப் பளபளப்பான தாளில் அடித்தவை; வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன, எழுத்து முழுக்க மறைந்துவிட்டது. அதைவிட மோசம், ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில், அதாவது முதல் நாள் விபத்துப் பதிவேட்டில், 'டூவீலரில் இருந்து தானாக விழுந்ததாகக் கூறப்படுகிறது' என்று இருந்தது. வலியில் துடிக்கிற கிழவியை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு கூட வந்தவர் 'வண்டியில இருந்து விழுந்துட்டாங்க' என்று சொல்லியிருப்பார், டியூட்டி டாக்டர் அதையே எழுதியிருப்பார். அந்த ஒரு வரியை விளக்குவதற்கு எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. எஃப்.ஐ.ஆர். அன்றைக்கு இரவே பதிவானது, கழுத்தில் நகக் கீறலும் செயின் அறுத்த தழும்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் குறித்திருந்தது, இரண்டையும் சேர்த்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். உங்கள் ஏ.ஆர். காப்பியில் என்ன இருக்கிறது என்று மனு போடும் முன்பே பாருங்கள். தப்பாக இருந்தால் மனுவிலேயே நீங்களே முந்திக்கொண்டு விளக்கிவிடுங்கள். பில் மங்கியிருந்தால் ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவில் நகல் பில் கேளுங்கள். கிடைத்ததை உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஐந்து பவுனுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தால் ஏமாற்றம் ஆகும். நகைக்கு இந்தத் திட்டத்தில் காசு கிடையாது. அட்டவணையில் இருப்பதெல்லாம் உயிர், உடல், மனம். நிரந்தர ஊனம் 40 முதல் 80 சதவீதம் என்றால் 2 முதல் 4 லட்சம். 20க்கு மேல் 40க்குள் என்றால் 1 முதல் 3 லட்சம். ஊனம் என்று சான்று இல்லாமல் கொடுங்காயம் மட்டும் என்றால் 1 முதல் 2 லட்சம். ஆகவே மருத்துவக் குழுவின் ஊனச் சான்றுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. மாற்றுத் திறனாளி அடையாள அட்டை எடுத்திருந்தால் அந்தச் சதவீதமே உதவும், எடுக்காவிட்டால் இப்போதே மாவட்ட அரசு மருத்துவமனையில் விண்ணப்பியுங்கள். ஆனால் அது வரும்வரை மனுவை நிறுத்தி வைக்காதீர்கள், சான்று பின்னால் தாக்கல் செய்யலாம். உத்தரவான தொகையிலும் 25 சதவீதம்தான் உடனே கைக்கு வரும். மீதி 75 சதவீதம் குறைந்தது மூன்று வருடம் வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கும், வட்டி மாதாமாதம் கிடைக்கும். மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்கு முன்னதாக எடுக்க ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

இன்னொரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தத் திட்டம் 'பிற குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்' யார் என்று சொல்லும்போது, அட்டவணையில் கண்ட குற்றங்களால் பாதிக்கப்பட்டவர் என்கிறது. அட்டவணையைத் திருப்பினால் அதில் குற்றங்களைவிடக் காயங்களின் பட்டியல்தான் அதிகம். இந்த முரணைப் பிடித்துக்கொண்டு 'கொள்ளை அட்டவணையில் இல்லையே' என்று யாராவது சொல்லக்கூடும். உறுப்பிழப்பு, ஊனம், கொடுங்காயம் என்று அட்டவணை பொதுவாகவே சொல்லியிருப்பதால் எந்தக் குற்றத்தால் வந்த காயமானாலும் அடங்கும் என்பது என் நிலை. ஒருவேளை ஏற்கவில்லை என்றால் 2013 பொதுத் திட்டம் இருக்கிறது. மனுவின் தலைப்பிலேயே 'இந்தத் திட்டத்தின் கீழ் அல்லது அந்தத் திட்டத்தின் கீழ்' என்று இரண்டையும் எழுதிவிட்டால் ஒரு வாசல் சாத்தினாலும் மற்றது திறந்திருக்கும்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் 'மோட்டார் விபத்து கிளெய்ம் போடுங்கள், அதுதான் பெரிய தொகை' என்று எழுதியிருந்தார். அந்த வழியில் கெடு இன்னும் குறுகியது. 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதம். உங்களுடையது அதற்கு முந்தியது என்பதால் அந்த ஆறு மாதம் பொருந்துமா என்பதிலேயே தகராறு வரும். ஆனால் அதைவிட அடிப்படையான சிக்கல், எதிர்த்தரப்பு வண்டி எது என்றே தெரியாது, எந்த இன்சூரன்ஸ் மீது போடுவது? ஆட்டோவைத் திருட வந்தவர்கள் டிரைவரைக் கொன்றதையே 'வாகனத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்து' என்று உச்ச நீதிமன்றம் 2000இல் ரீட்டா தேவி வழக்கில் ஏற்றிருக்கிறது, உண்மைதான். அதைச் செயின் பறிப்புக்கு நீட்ட முடியுமா என்பது எனக்குத் துணிந்து சொல்லக்கூடியதாகப் படவில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கிளெய்முக்காக 'விபத்து' என்று ஒரு இடத்திலும் இழப்பீட்டுக்காகப் 'பறிப்பு' என்று இன்னொரு இடத்திலும் மாற்றி எழுதாதீர்கள். இரண்டும் போய்விடும்.

சிவில் வழக்கு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே மன்னிப்பே கிடையாது. தாக்கியவர் யார் என்று தெரிந்து அவரிடம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவதானால் பொதுவாக மூன்று வருடம். இறந்தவரின் குடும்பம் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி கேட்பதானால் இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம். சட்ட விரோதக் காவலில் வைத்ததற்கு ஒரே வருடம். கால வரம்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் தாமதத்தை மன்னிக்கும், அசல் வழக்குக்கு மன்னிக்காது. சிறுவர்களாக இருந்தால் பதினெட்டு வயது நிரம்பிய பிறகே நாள் ஓடத் தொடங்கும்.

இதே பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக: கெடு பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் இல்லை, கொடுக்க வேண்டியவர்களுக்கும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஆணைக்குழு விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டப் பிரிவே சொல்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம், அதில் 1 லட்சம் தகவல் தெரிந்த 15 நாளில், மீதி அடுத்த இரண்டு மாதத்தில் என்று லக்ஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. போக்சோ வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம்; உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு செலுத்த வேண்டும்; தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிவாரணம் ஏழு நாளில் தொடங்க வேண்டும், அதற்குப் பொறுப்பு மாவட்ட நிர்வாகம். நடைமுறையில் இந்த நாள்கள் எல்லாம் இழுபடுகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நினைவூட்டல் மனுவில் இந்த எண்களைக் குறிப்பிட்டால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகர்கிறது, இது அனுபவத்தில் பார்த்தது.

உங்களுக்கே திரும்பி வருகிறேன். மனுவில் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும், புகார் கொடுத்தது தங்கையாக இருந்தாலும். அவரால் அலுவலகம் வர முடியாது என்றால் அதையும் மனுவிலேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கிப் போகச் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.எஸ். நோட்டீஸில் தங்கை கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதி என்ன, ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு இங்கேயே பதில் போடுங்கள். பெயர், எஃப்.ஐ.ஆர். எண், போட்டோ எதையும் பொதுவில் போட வேண்டாம். அந்தத் தேதியை வைத்து, எத்தனை நாள் தாமதம் என்று மனுவில் எந்த எண்ணைப் போடுவது என்பதைச் சொல்கிறேன்.